நின்ற தேரின் ஓட்டம் எங்கே?



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கோயிலிலே தேர்த்திருவிழா நடைபெற்றது. என் தமக்கையாரின் பேரன் ஒருவன், எட்டு வயதுப் பையன், என் கையைப் பிடித்துக்கொண்டு வீதியோரத்தில் நின்றான். நூற்றுக்கணக்கானோர் வடம் பிடித்து இழுத்தனர். தேர் முதலில் அசைய மறுத்தது. பின் ஒரு குலுக்கலோடு புறப்பட்டது. நான்கு வீதியும் வலம் வந்து, தேர்முட்டியை அடைந்தது. சில்லுகளுக்கு முன்னே முட்டுக்கட்டைகளை இட்டார்கள். தேர் நின்றது. எல்லோரும் கைகூப்பினர். பையன் மாத்திரம் என் சால்வையைப் பிடித்து இழுத்தான்.

“பாட்டா, இவ்வளவு நேரமும் தேர் ஓடிற்றே. இப்போது நின்றுவிட்டது. அந்த ஓட்டம் எங்கே போயிற்று?” என்று கேட்டான்.

“எங்கே போகும்? நின்றுவிட்டது, அவ்வளவுதான்” என்றேன்.

பையன் விடவில்லை. “கிணற்றிலே இறைத்த தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிறது. தின்ற சோறு வயிற்றுக்குப் போகிறது. ஓட்டம் மட்டும் ஓரிடத்துக்கும் போகாமல் எப்படித் தீரும்?” என்றான்.

பல ஆண்டுகள் பள்ளிக்கூடத்திலே விஞ்ஞானம் கற்பித்தவன் நான். அன்று அந்தச் சன நெருக்கடியில் அவனுக்குத் தக்க விடை சொல்லாமல், கடலை வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் அவன் கேட்டது சிறு கேள்வியன்று. மிகப் பெரிய அறிஞர்களே நெடுங்காலம் விடை காணாது தடுமாறிய கேள்வி அது. அன்று நான் சொல்லத் தவறிய மறுமொழியை இன்று அவனுக்கும் உங்களுக்குமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஓட்டத்தைப் பற்றிப் பார்ப்போம். ஒரு பொருளைத் தள்ளுகிறோம், இழுக்கிறோம். அந்தத் தள்ளுதலுக்கும் இழுத்தலுக்கும் விசை என்று பெயர். வடத்தைப் பிடித்து இழுப்போர் தேரின் மீது விசையைச் செலுத்துகின்றனர். விசை செலுத்தினால் பொருள் நகர்கிறது, விட்டுவிட்டால் நின்றுபோகிறது. நாள்தோறும் நாம் காண்பது இதுவே. ஆகவே, “ஓடுகின்ற பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமானால் அதை எந்நேரமும் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும்; தள்ளாவிடில் தானாகவே நின்றுவிடும்” என்று நீங்கள் நினைப்பீர்கள். அவ்வாறு நினைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிரேக்க நாட்டுப் பேரறிஞரான அரிஸ்தோத்திலும் ஏறத்தாழ அவ்வாறே எண்ணினார். அவருக்குப் பின் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் உலகிற் பெரும்பாலோர் அதையே நம்பினர்.

அந்த நம்பிக்கையை அசைத்தவர் இத்தாலி நாட்டுக் கலிலியோ. சாய்ந்த பலகையிலே ஓர் உருண்டையை உருட்டிவிட்டு, எதிரே மேல்நோக்கிச் சாய்ந்த இன்னொரு பலகையில் அதை ஏறவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். புறப்பட்ட உயரத்துக்குச் சற்றேறக்குறைய அதே உயரம் வரை அது ஏறும். இரண்டாவது பலகையின் சாய்வைக் குறைத்தால், அதே உயரத்தை எட்டுவதற்காக அது மேலும் நெடுந்தூரம் ஓடும். சாய்வை இன்னும் குறைத்தால் இன்னும் தூரம் ஓடும். சாய்வே இல்லாமல், முற்றும் மட்டமாகவும் மிக வழுவழுப்பாகவும் ஆக்கிவிட்டால்? அந்த உயரத்தை அது ஒருநாளும் எட்டப்போவதில்லை. ஆகையால் நிற்கப்போவதும் இல்லை. ஓடிக்கொண்டேயிருக்கும்!

இந்தக் கருத்தைச் செப்பமாக்கி, 1687 ஆம் ஆண்டிலே தம் பெருநூலில் முதல் விதியாக வைத்தார் ஆங்கிலேய அறிஞர் நியூற்றன். நிற்கின்ற பொருள் தானாகப் புறப்படாது. ஓடுகின்ற பொருள் தானாக நிற்காது. இரண்டுக்கும் வெளியிலிருந்து ஒரு விசை வேண்டும். இதுதான் அவ்விதியின் சாரம்.

ஆகவே, தம்பி தங்கைகளே, தேர் தானாக நிற்கவில்லை. ஏதோ ஒரு விசை அதை நிறுத்தியது. அவ்விசைக்கு உராய்வு என்று பெயர். ஒரு பொருளின் மேற்பரப்பு இன்னொரு பொருளின் மேற்பரப்போடு தேயும்போது, அந்த நகர்ச்சிக்கு எதிராக எழுகின்ற விசையே உராய்வு. சில்லு அச்சிலே தேய்கிறது. முட்டுக்கட்டை சில்லிலே தேய்கிறது. கட்டை நிலத்திலே தேய்கிறது. வழுவழுப்பான கண்ணாடியைக்கூட ஆற்றல் மிக்க நுணுக்குக்காட்டியால் நோக்கினால் மேடும் பள்ளமும் தென்படும். பரப்புக்கள் ஒன்றையொன்று அழுத்தும் இடங்களில் பற்றிக்கொள்ளும் தன்மையும் உண்டு.

உராய்வை நமது பகைவன் என்று எண்ணிவிடாதீர்கள். உராய்வு இல்லையேல் நடக்க முடியாது. காலை ஊன்றினால் வழுக்கிவிடும். வடத்தைப் பிடிக்கவும் முடியாது, கையைவிட்டு நழுவிவிடும். வடத்துக்குள்ளே முறுக்கிக் கிடக்கும் நார்களே ஒன்றையொன்று பற்றாமல் பிரிந்துபோகும். தேரை நிறுத்துவது உராய்வு. தேரை இழுக்க நமக்குத் துணைநிற்பதும் அதே உராய்வுதான்.

தேரை நிறுத்தியவர் யார் என்று கண்டுபிடித்துவிட்டோம். ஆனால் பையன் கேட்டது அதுவன்று. “ஓட்டம் எங்கே போயிற்று?” என்பதே அவன் கேள்வி. அதற்கு வருவோம்.

நான் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் எங்கள் வீட்டுக் கிணற்றிலே தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தேன். நீர் நிறைந்த வாளி பாதி வழி மேலே வந்துவிட்டது. அப்போது கவனம் வேறெங்கோ போயிற்று, பிடி தளர்ந்தது. வாளி கீழே விழத் தொடங்கியது. பதறிப்போய்க் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். கயிறு என் உள்ளங்கை வழியே நாலைந்து முழம் ஓடிய பின் வாளி நின்றது. ஆனால் என் கை? நெருப்பைத் தொட்டது போல் எரிந்தது. மறுநாட் காலையில் உள்ளங்கையிற் கொப்புளம்!

அங்கே நெருப்பு இருக்கவில்லை. கயிறோ ஈரமாகக் குளிர்ந்து கிடந்தது. கொப்புளம் எங்கிருந்து வந்தது? வாளி விழுந்துகொண்டிருந்தது, அதை என் கை நிறுத்தியது, நின்ற கணத்திலே கை சுட்டது. ஓட்டம் மறைந்த இடத்திலே வெப்பம் தோன்றிற்று. இதைவிடத் தெளிவான தடயம் வேண்டுமா?

உங்கள் இரு கைகளையும் சேர்த்து விரைவாகத் தேயுங்கள், சூடேறும். மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பத்துப் பதினைந்து முறை வளைத்துவிட்டு, அவ்விடத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். கவனமாகத் தொடுங்கள், அதுவும் சுடும்.

உரசினால் சூடு பிறக்கும் என்பது கற்கால மனிதனுக்கே தெரியும். கட்டையைக் கட்டையோடு கடைந்து அவன் நெருப்பு உண்டாக்கினான். ஆனால் அந்தச் சூடு என்பது என்ன? பதினெட்டாம் நூற்றாண்டின் விஞ்ஞானிகள் பலர், வெப்பம் என்பது கண்ணுக்குப் புலப்படாத, நிறையற்ற ஒரு பாய்பொருள் என்று கருதினர். பஞ்சிலே நீர் ஊறியிருப்பதுபோல், பொருள்களுக்குள் அது ஊறியிருக்கிறது. பொருளைத் தேய்த்துத் தூளாக்கும்போது அது பிழியப்பட்டு வெளியே வருகிறது என்றனர். அதற்குக் கலோரிக் என்று பெயரும் இட்டனர். கேட்பதற்குப் பொருத்தமாகத்தானே இருக்கிறது?

இக்கருத்தைச் சோதித்தவர் ரம்ஃபோர்ட் பிரபு என்பவர். அமெரிக்காவிலே பிறந்த இவர், ஜெர்மனியின் பவேரியா அரசிலே பணிபுரிந்தார். மியூனிச் நகரில் பீரங்கி செய்யும் தொழிற்சாலையை மேற்பார்வை செய்தபோது, பித்தளைப் பீரங்கிகளைத் துளையிடும்பொழுது அவை மிகுந்த சூடு அடைவதைக் கண்டார். இவ்வளவு வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று சிந்தித்தார்.

அவர் செய்தது இது. பித்தளை உருளை ஒன்றை மரப்பெட்டிக்குள் பொருத்தி, அதைச் சுற்றித் தண்ணீர் நிரப்பினார். ஏறத்தாழ எட்டரை லீற்றர் தண்ணீர். மழுங்கிய உருக்குத் துளைகருவி ஒன்று உருளையின் உட்புறத்தை அழுத்திக்கொண்டு நிற்க, குதிரை வலுவைக் கொண்டு உருளையைச் சுழலச் செய்தார். கருவி மழுங்கியதாகையால் பித்தளை அதிகம் அரையுண்ணவில்லை, தேய்ந்ததே மிச்சம். நேரம் ஆக ஆகத் தண்ணீர் சூடேறியது. இரண்டரை மணி நேரத்தில் அது கொதித்தது! அடுப்பு இல்லை, விறகு இல்லை, தீப்பொறிகூட இல்லை. சூழ நின்றவர்கள் திகைத்துப்போயினர். தாமும் ஒரு குழந்தையைப்போல மகிழ்ந்ததாக அவரே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்.

1798 ஆம் ஆண்டிலே அவர் இலண்டன் றோயல் சங்கத்துக்கு இதை அறிவித்தார். குதிரை சுற்றும் வரை வெப்பம் வந்துகொண்டேயிருக்கிறது. அதற்கு ஒரு முடிவே காணவில்லை. பஞ்சிலிருந்து பிழிந்த நீரானால் ஒரு கட்டத்தில் தீரவேண்டுமே! எவ்வளவு எடுத்தாலும் தீராமல் வருவது ஒரு சடப்பொருளாக இருக்க முடியாது. ஆகவே வெப்பம் என்பது ஒருவகை இயக்கமே என்று அவர் முடிவு செய்தார்.

ஆனால் ஒன்று குறைவாக இருந்தது. இவ்வளவு ஓட்டம் மறைந்தால் இவ்வளவு வெப்பம் தோன்றும் என்று கணக்குத் தீர்க்க வேண்டுமல்லவா? கடைக்காரர் ஒருவர், “பணம் தொலையவில்லை, சரக்காக மாறியிருக்கிறது” என்றால், பேரேட்டைக் காட்டும்படிதானே கேட்போம்? அந்தப் பேரேட்டை எழுதிக் காட்டியவர் யேம்சு யூல்.

யூல் 1818 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் சல்போர்ட் நகரில் பிறந்தார். தந்தையார் மதுவடிசாலை உரிமையாளர். யூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். ஆனால் பொறுமையிலும் நுட்பமாக அளப்பதிலும் அவருக்கு ஈடானவரைக் காண்பது அரிது. செம்புப் பாத்திரம் ஒன்றிலே தண்ணீர் ஊற்றி, அதற்குள் துடுப்புக்கள் பொருத்திய ஒரு தண்டை நிறுத்தினார். தண்டிலே நூல் சுற்றி, நூலைக் கப்பிகளின் மேலாக விட்டு, நுனிகளிலே பாரங்களைத் தொங்கவிட்டார். பாரங்கள் கீழே இறங்கும், தண்டு சுழலும், துடுப்புக்கள் தண்ணீரைக் கடையும், தண்ணீர் சூடேறும். நமது வீட்டில் மத்தினால் தயிர் கடைவதைப் போன்றதே. ஆனால் ஒருமுறை இறங்கினால் தோன்றும் வெப்பம் மிகமிகச் சிறிது. ஆகவே பாரங்களை மேலே ஏற்றி ஏற்றி, இருபது முறை இறக்கினார். அவ்வளவு செய்தும் தண்ணீரின் வெப்பநிலை ஏறியது பரனைற்று அளவிலே ஒரு பாகைக்கும் குறைவாகவே. அதையும் பிழையின்றி அளந்தார். பாகையின் நூற்றில் ஒரு பங்கிலும் சிறிய மாற்றத்தைக் காட்டும் வெப்பமானிகள் அவரிடம் இருந்தன.

தண்ணீரில் செய்தார்; பாதரசத்திற் செய்தார்; இரும்பை இரும்போடு தேய்த்தும் செய்தார். எவ்வழியில் செய்தாலும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. இக்காலத்து அளவிலே சொல்வதானால், ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையைச் செல்சியஸ் ஒரு பாகை உயர்த்த, அதே ஒரு கிலோகிராம் பாரம் ஏறத்தாழ 427 மீற்றர் உயரத்திலிருந்து இறங்க வேண்டும். கணக்குத் தீர்ந்துவிட்டது. ஓட்டம் கெட்டுப்போகவில்லை, ஒரு சிறு துணுக்கும் குறையாமல் வெப்பமாக மாறியிருக்கிறது.

1847 ஆம் ஆண்டிலே ஒக்ஸ்போர்டில் நடந்த விஞ்ஞானக் கூட்டத்தில் யூல் இதை எடுத்துரைக்க வந்தபோது, சுருக்கமாகச் சொல்லி முடிக்கும்படி தலைவர் கேட்டுக்கொண்டாராம். இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவர் அக்கூட்டத்திலே அக்கறை காட்டிப் பேசியிராவிட்டால், எவரும் கவனியாமலே அது போயிருக்கும் என்று யூல் பின்னாளிலே நினைவுகூர்ந்தார். அந்த இளைஞர் வில்லியம் தோம்சன். பின்னர் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்றவர். இன்று உலகமெங்கும் சத்தியை அளக்கும் அலகுக்கு யூல் என்பதே பெயர்.

இந்தக் கணக்கை நம் நாட்டு நீர்வீழ்ச்சி ஒன்றுக்குப் போட்டுப் பார்ப்போமா? இலங்கையிலே மிக உயரமானது பம்பரகந்தை நீர்வீழ்ச்சி; 263 மீற்றர். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்த நீர் கீழே மோதி அடங்கும்போது, அதன் ஓட்டம் முழுவதும் அந்நீரிலேயே வெப்பமாகத் தங்குமானால், வெப்பநிலை செல்சியஸ் பாகையில் பத்தில் ஆறு பங்கு மட்டுமே உயரும். காற்றும் ஆவியாதலும் அதனையும் கலைத்துவிடும். ஆகையாலன்றோ நீர்வீழ்ச்சியின் அடியில் கைவைத்தால் நமக்குச் சூடு தெரிவதில்லை! பெரிய ஓட்டம் சிறிய சூடாகி, எவரும் அறியாமல் ஒளிந்துகொள்கிறது. அரிஸ்தோத்தில் காலம் முதல் இதை எவரும் காணாதிருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வெப்பம் ஒருவகை இயக்கம் என்றோம். எதனுடைய இயக்கம்? எல்லாப் பொருள்களும் மூலக்கூறுகள் அல்லது அணுக்கள் என்னும் மிக நுண்ணிய துணிக்கைகளால் ஆனவை. அவை ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. மேசை அசையாமல் நின்றாலும், அதன் துணிக்கைகள் தத்தம் இடத்திலே அதிர்ந்துகொண்டேயிருக்கின்றன. இந்த அறையின் காற்றிலுள்ள மூலக்கூறுகளோ செக்கனுக்குச் சுமார் 500 மீற்றர் வேகத்தில் எல்லாத் திசையிலும் பறந்து, ஒன்றோடொன்று மோதித் திரும்புகின்றன. 1827 ஆம் ஆண்டிலே றொபேட் பிறவுண் என்னும் தாவர அறிஞர், மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் நீரிலே ஓயாமல் துடிப்பதை நுணுக்குக்காட்டியிற் கண்டார். நீரின் மூலக்கூறுகள் இடைவிடாது இடிப்பதாலேயே அவை அவ்வாறு துடிக்கின்றன என்று 1905 இலே ஐன்ஸ்ரைன் கணித்துக் காட்டினார். துணிக்கைகள் விரைந்து ஆடினால் பொருள் சூடாக இருக்கிறது என்கிறோம். மெதுவாக ஆடினால் குளிர்ந்திருக்கிறது என்கிறோம்.

அப்படியானால், தேரின் ஓட்டத்துக்கும் இந்தச் சூட்டுக்கும் வேறுபாடு என்ன? இரண்டும் இயக்கந்தானே? இதற்கு விடை அன்று எங்கள் கோயில் வீதியிலேயே இருந்தது.

வடம் பிடித்தவர்களை எண்ணிப் பாருங்கள். எல்லோரும் ஒரே முகமாக நின்று, ஒரே திசையில், ஒன்றாக அடியெடுத்து வைத்தனர். அதனாலே தேர் ஓடிற்று. தேர் இருப்புக்கு வந்தபின் அதே சனங்கள் என்ன செய்தனர்? ஒருவர் கடலைக் கடைக்குப் போனார். ஒருவர் காப்புக் கடைக்குப் போனார். ஒருவர் பிள்ளையைத் தேடினார். ஒருவர் தண்ணீர்ப் பந்தலுக்கு ஓடினார். எவரும் சும்மா நிற்கவில்லை. நடை குறையவில்லை, ஒரு திசை என்பதுதான் போய்விட்டது.

தேர் ஓடும்போது அதன் கோடானுகோடி துணிக்கைகளும், தத்தம் சிறு ஆட்டத்தோடு, ஒன்றுசேர்ந்து முன்னே செல்கின்றன. அதற்கு ஓட்டம் என்று பெயர். உராய்வு வந்து அந்தச் சேர்க்கையைக் குலைக்கிறது. முன்னோக்கிய ஓட்டம், சில்லிலும் அச்சிலும் கட்டையிலும் மண்ணிலும் உள்ள துணிக்கைகளின் திக்குத் திசையற்ற ஆட்டமாகச் சிதறுகிறது. அதற்கு வெப்பம் என்று பெயர். ஆகவே, ஓட்டம் எங்கும் தொலைந்துபோகவில்லை. தேர் நின்ற இடத்திலேயே சந்தைக் கூட்டமாகக் கலைந்து நிற்கிறது.

இது வெறும் ஏட்டுச் செய்தி என்று எண்ண வேண்டாம். மலைநாட்டுப் பாதையிலே இது உயிர் காக்கும் அறிவு. அதை இப்போது கணக்காகவே காட்டுகிறேன்.

பத்துத் தொன் நிறையுள்ள பேருந்து ஒன்று மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்கிறது. சாரதி பிறேக்கை அழுத்தி அதை நிறுத்துகிறார். அந்த ஓட்டம் முழுவதும் வெப்பமாக மாறுகிறது. எவ்வளவு வெப்பம் தெரியுமா? ஏறத்தாழ நாலரை லீற்றர் தண்ணீரைச் சாதாரண சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். பேருந்தை ஒருமுறை நிறுத்தும்போது ஒரு பெரிய கேத்தல் தண்ணீருக்கான சூடு பிறேக்கிலே பிறக்கிறது.

இனி அதே பேருந்து நுவரெலியாவிலிருந்து கண்டிப் பக்கமாக இறங்குவதாக வைத்துக்கொள்வோம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் உயரம் இறங்குவதற்குள் தோன்ற வேண்டிய வெப்பம், முந்நூறு லீற்றருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்கவைக்கக்கூடியது! அத்தனை வெப்பத்தையும் பிறேக்குகள் மாத்திரமே ஏற்க வேண்டுமானால் அவற்றின் கதி என்ன? உலோகம் காய்ந்து விரிவடையும். தேய்பட்டையின் பற்றும் வலு குறையும். பிறேக் எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டவும் கூடும். அப்போது சாரதி மிதித்தாலும் வண்டி நில்லாது. வண்டி புதிதாக இருக்கலாம். சாரதி வல்லவராக இருக்கலாம். சூட்டுக்கு அதெல்லாம் தெரியாது.

ஆகவேதான், நீண்ட இறக்கத்திலே தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும் என்று அறிந்தோர் சொல்வர். தாழ்ந்த கியரில் சில்லுகள் இயந்திரத்தையும் சேர்த்துச் சுழற்ற வேண்டியிருக்கிறது. ஓட்டத்தின் ஒரு பெரும்பகுதி இயந்திரத்திலே வெப்பமாகி, புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் வெளியேறிவிடுகிறது. பிறேக்குகள் ஆறியிருக்கின்றன, உண்மையான ஆபத்து வரும்போது உதவுகின்றன. துவிச்சக்கரவண்டியில் மேட்டிலிருந்து இறங்கும் தம்பிமாரே, கீழே வந்ததும் பிறேக் கட்டையின் அருகே கையைக் கொண்டுசென்று பாருங்கள். நீங்கள் இறங்கிவந்த மேடு அங்கே சூடாக இருக்கும்.

இன்னும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. ஓட்டம் வெப்பமாகிறதென்றால், வெப்பத்தை மீண்டும் ஓட்டமாக்க முடியாதா? முடியும். நீராவிப் புகையிரதம் அதைத்தானே செய்தது! மோட்டார் வண்டியின் இயந்திரமும் அதையே செய்கிறது. எரிபொருளின் வெப்பம் வாயுவை விரிக்கிறது, வாயு ஆடுதண்டைத் தள்ளுகிறது, சில்லு சுழல்கிறது. ஆனால் முழுவதையும் மீட்க முடியாது. சாதாரண மோட்டார் வண்டி, தான் எரிக்கும் எரிபொருளின் சத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையோ அதனிலும் குறைவாகவோதான் ஓட்டமாக மாற்றுகிறது. மிகுதி சூடாகவே வெளியே போகிறது. இயந்திரத்தை எவ்வளவு திறமையாக அமைத்தாலும் இதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை 1824 ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ ஆராய்ந்து காட்டினார்.

ஏன் அந்த எல்லை? மறுபடியும் திருவிழாவுக்கே போவோம். வடம் பிடித்த வரிசை கலைந்து சந்தைக் கூட்டமாவது எளிது. ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீதியெங்கும் சிதறித் திரியும் கூட்டம், ஒருவரும் அழைக்காமல், ஒரே கணத்தில், தானாகவே ஒரே திசையில் அடியெடுத்து வைப்பதை எவரேனும் கண்டதுண்டா? சூடேறிய முட்டுக்கட்டை தன் சூட்டை ஒன்றுதிரட்டித் தேரைத் திரும்பவும் ஓடவிடுவதை எவரும் கண்டதில்லை. சத்தி அழிவதில்லை, ஆனால் சிதறுகிறது. சிதறியதைச் சேர்ப்பது கடினம். அதனாலேதான் வண்டியின் அச்சுக்கு எண்ணெய் இடுகிறோம். சில்லுக்குக் குண்டுப்போதிகை வைக்கிறோம். வேண்டாத இடத்திலே ஓட்டம் சூடாகச் சிதறாமல் இருப்பதற்கே இவ்வளவும்.

நேயர்களே, நான் விடை சொல்லாமல் விட்ட அந்தப் பையன் இப்போது உயர்தர வகுப்பிலே படிக்கிறான். சென்ற ஆண்டுத் தேருக்கு அவனும் வடம் பிடித்தான். தேர் நின்றதும் என்னிடம் வந்து தன் இரு கைகளையும் விரித்துக் காட்டினான். வடம் வழுக்கியதால் உள்ளங்கைகள் சிவந்து போயிருந்தன.

“பாட்டா, கொஞ்சம் இங்கேயும் வந்திருக்கிறது” என்றான்.

நான் சொல்லாத விடையை அவன் தானே தேடிக் கண்டுகொண்டான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. சிறிது நாணமும் உண்டு. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இப்படி ஒன்று கேட்டால், கடலை வாங்கிக் கொடுத்து வாயை அடைத்துவிடாதீர்கள். தெரியாவிட்டால், “சேர்ந்து தேடுவோம்” என்று சொல்லுங்கள். சிறுவர்களே, இன்று நீங்கள் எறிந்த பந்து எங்கேயாவது உருண்டு நின்றால், அந்தப் பையனைப் போலக் கேளுங்கள்: அந்த ஓட்டம் எங்கே போயிற்று?